அக்காவின் விரலுக்கு இருநூறு வோல்ட்

பிப்ரவரி 6, வியாழன்

அலுவலகத்தில் நாள் முழுக்கத் தராசு. மூட்டை நிறுக்கும் தராசுக்கு டிரைவர் எழுதுகிறேன். நானூறு வரி எழுதி, மாலைக்குள் நூற்றைம்பதை அழித்தேன். அழிக்க முடிந்த நாள் நல்ல நாள்.

மாமியார் போனில் வழக்கம்போல, "வண்டி எல்லாம் பாத்து ஓட்டும்மா" என்றார். டிரைவர் என்றால் வண்டிதான் அவருக்கு. கம்ப்யூட்டரின் அடிமடியில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, அதற்குத் தராசும் தெரியாது பிரிண்டரும் தெரியாது, ஒவ்வொரு கருவிக்கும் நடுவில் நின்று பேச ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளைத்தான் நான் எழுதுகிறேன் என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். "சரிம்மா, ஹெல்மெட் போட்டுக்கோ" என்பார்.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். மடியில் அவளுடைய பிரெயில் பெட்டி. நாற்பது கட்டம், கட்டத்துக்கு எட்டுப் புள்ளி. உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் சொல்கிறபடி புள்ளிகள் எழும், அவள் தடவிப் படிப்பாள். ஏழு வயதில் பார்வை போனதிலிருந்து அவளுக்கு விரல்தான் எல்லாம். கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள், பதினோரு வருடமாகத் தற்காலிகமாக. வகுப்பில் பேசிக்கொண்டே குறிப்பைப் பார்க்க வேண்டும். காதில் ஒரு குரல் வாசிக்க, வாயால் இன்னொன்று பேச யாராலும் ஆகாது. அதனால் இந்தப் பெட்டி.

"பழைய சிஸ்டம் இருக்கிற மெஷினை இனிமே கல்லூரி நெட்வொர்க்ல சேக்க மாட்டாங்களாம். இதுல புது கெர்னல் போட்டுக் குடு. செஞ்ச கம்பெனி மூடி நாலு வருஷம் ஆச்சு, நீதான் கதி."

மார்ச் 21 அன்று அவளுக்கு நிரந்தர வேலைக்கான மாதிரி வகுப்பு. மூன்று பேர் குழு, தொண்ணூறு நிமிடம். இனி இந்த வாய்ப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு வாரம் போதும் என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு.

பிப்ரவரி 8, சனி

புது கெர்னல் போட்டாயிற்று. பழைய டிரைவரைப் புது ஏற்பாட்டுக்கு மாற்றி எழுதியாயிற்று. அக்கா வந்து விரல் வைத்தாள். "வணக்கம் பேராசிரியரே" என்று தட்டினேன். படித்துவிட்டு, "இன்னும் ஆகலடி" என்று சிரித்தாள்.

அப்புறம் எல்லாப் புள்ளியும் விழுந்துவிட்டது. திரும்ப ஆன் செய்தால் எழுகிறது. அரை நிமிடம். மறுபடி தட்டை.

பிப்ரவரி 9, ஞாயிறு

முப்பது நொடி. பதினான்கு தடவை பார்த்தேன். பதினான்கு தடவையும் முப்பது நொடி.

பிப்ரவரி 13, வியாழன்

நான் கேட்ட ஒரு வாரம் முடிந்தது. கட்டங்களுக்குப் போகும் தகவல் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். எழுத்து ஒழுங்காகத்தான் போகிறது. கெர்னலின் பதிவுகளில் ஒரு பிழைச்செய்தி கூட இல்லை. திட்டினால்கூடத் தேவலை, இது முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அக்கா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் உறுத்துகிறது.

பிப்ரவரி 15, சனி

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

அக்கா வந்திருந்தாள். நான் திரையைப் பார்த்துக் கொண்டிருந்தேன், அவள் பெட்டியில் கை வைத்துக் கொண்டிருந்தாள். பத்துத் தடவை ஆன் செய்யச் சொன்னாள். பதினோராவது தடவை நான் பல்லைக் கடித்தேன்.

"இது ஒரேயடியா விழலடி. மொதல்ல மெத்துனு ஆகுது. பன்னண்டாவது கட்டம் முதல்ல, அப்புறம் முப்பத்தி ஒண்ணு, அப்புறம்தான் மத்ததெல்லாம். ஆனா எழுத்து கடைசி வரைக்கும் மாறல. அதே எழுத்துதான், தெம்பு மட்டும் போகுது."

தகவல் நின்று போயிருந்தால் புள்ளிகள் பழைய எழுத்திலேயே விறைப்பாக நின்றிருக்கும். எழுத்து மாறாமல் தெம்பு மட்டும் போகிறது என்றால் தகவலில் குற்றமே இல்லை. மின்சாரம் போகிறது. அந்தப் புள்ளிகளைத் தூக்கிப் பிடிக்க இருநூறு வோல்ட் வேண்டும். ஐந்து வோல்ட்டை இருநூறாக ஏற்றும் குட்டிச் சுற்று ஒன்று உள்ளே இருக்கிறது. அது அணைந்து, மிச்சம் இருப்பது வடிகிறது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். முப்பதாவது நொடியில் 200, பிறகு 160, 110, 60. அவள் "இப்ப மெத்துனு ஆகுது" என்று சொன்ன நேரத்தில் மீட்டரில் 140. மூன்று தடவை சோதித்தேன். மூன்று தடவையும் 140-க்குப் பக்கத்தில் சொன்னாள்.

ஒரு வாரமாக நான் ஐந்நூறு பக்கம் பதிவுகளைப் புரட்டினேன். அவள் கால்மணி நேரம் கையை வைத்தாள். அவளிடம் இதைச் சொன்னேன். "நீ ஒரு தடவை கூடத் தொட்டுப் பாக்கலையே" என்றாள், குற்றம் சொல்லும் தொனி இல்லாமல்.

பிப்ரவரி 17, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். இப்படித்தான் ஆகியிருக்கிறது.

பெட்டியின் மின்சாரத்தைப் பங்கிட ஒரு சில்லு. அதிலிருந்து போகும் ஒவ்வொரு வாய்க்கும் ரெகுலேட்டர் என்று பெயர். (வீட்டுக்காரர் இதைக் கேட்டதும் ஃபேனைப் பார்த்தார். "இல்லைங்க, ஃபேன் இல்ல" என்றேன்.) பழைய டிரைவர் யாரையும் கேட்காமல் தானே போய் அந்த வாயைத் திறந்துகொள்ளும். புது கெர்னலில் அந்தக் கதை நடக்காது. ரெகுலேட்டர்களைப் பார்த்துக்கொள்ளத் தனிப் பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் எழுந்த பிறகு முப்பது நொடி பொறுத்துப் பார்க்கும். இது எனக்கு வேண்டும் என்று எந்த டிரைவரும் கேட்காத வாயை எல்லாம் மூடிவிடும். என் டிரைவர் கேட்கவே இல்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டிக்குள் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் வரைபடக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: இந்த ரெகுலேட்டர் எப்போதும் ஆன். அவ்வளவுதான். அக்கா இருபது நிமிடம் விடாமல் படித்தாள்.

இதே பெட்டி இன்னும் பலரிடம் இருக்கும். அவர்களுக்கும் ஆகட்டும் என்று டிரைவரையும் அந்த ஒரு வரியையும் கெர்னலில் சேர்க்க வேண்டிய திருத்தமாக, ஒரு பேட்ச்சாக, கெர்னல் எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கும் மெயிலிங் லிஸ்ட்டுக்கு அனுப்பினேன். ரெகுலேட்டர் பகுதியைப் பராமரிப்பவர் பார்ப்பார். அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் கறார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஒரு வரிக்கு மேல் எழுதினால் விரல் தேய்ந்துவிடும் என்று நினைப்பவர்.

பிப்ரவரி 20, வியாழன்

கறாரின் பதில். "ஏன் எப்போதும் ஆன்? அணைத்தால் எது உடையும்? வேண்டியதை டிரைவர் கேட்டு வாங்கட்டும்."

எது உடையுமா? எங்க அக்கா வேலை உடையும். பதினோரு வருஷம் உடையும். இவருக்கென்ன, எங்கேயோ உக்காந்துக்கிட்டு ஒரு வரில கேட்டுட்டுப் போயிடுவாரு. வேலை செய்யுதுல்ல? வேலை செய்யறதை ஏன் நோண்டணும்?

காரசாரமாக ஒரு பதில் எழுதி அழித்தேன். இன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம்.

பிப்ரவரி 22, சனி

அக்கா வீட்டில் முழு ஒத்திகை. அவள் ஆரம்பித்து அறுபத்து நான்காவது நிமிடத்தில் பேட்டரி காலி. இருநூறு வோல்ட்டை எந்நேரமும் ஏற்றிப் பிடித்துக்கொண்டிருந்தால் தீராமல் என்ன செய்யும்? அவள் கை எடுத்துத் தண்ணீர் குடித்த நேரம், ஜன்னலைச் சாத்தப் போன நேரம், எல்லா நேரமும் எரிந்திருக்கிறது.

அவளுக்கு வேண்டியது தொண்ணூறு நிமிடம். குறுக்கே சார்ஜர் கம்பியை இழுத்துக்கொண்டு அவளால் வகுப்பில் நடமாட முடியாது.

கறார் சொன்னது சரி. இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனால் சரி.

பிப்ரவரி 25, செவ்வாய்

மூன்று நாளாக ரெகுலேட்டர் பகுதியின் நிரலைப் படிக்கிறேன். என்ன ஒரு நாகரிகமான ஏற்பாடு. மனதாரச் சொல்கிறேன்.

ஒரு வாயிலிருந்து நாலு கருவிக்கு மின்சாரம் போகலாம். ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. யார் கேட்டார்கள், எத்தனை பேர் கேட்டார்கள் என்று அது எண்ணி வைத்துக்கொள்கிறது. ஒருவர் "போதும்" என்றால் உடனே மூடுவதில்லை. எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது. கடைசி ஆளும் போதும் என்ற பிறகுதான் மூடுகிறது. யாரும் யார் தலையிலும் கை வைப்பதில்லை. பதினைந்து வருடத்துக்கு மேலாக யார் யாரோ, சம்பளம் வாங்கியும் வாங்காமலும், எழுதியும் திருத்தியும் வைத்திருக்கிறார்கள். பல இடத்தில் கறாரின் பெயர். ஒரு வரி மனிதர் என்று கிண்டல் செய்தேனே, அவருடைய வரிகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன.

என் டிரைவர் இப்போது ஒழுங்காகக் கேட்டு வாங்குகிறது. இருபது நொடி யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் மறுபடி கேட்கிறது. கணக்குப்படி பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும். இரண்டாம் பேட்ச் அனுப்பினேன். அழகாக இருக்கிறது, நானே சொல்லிக்கொள்கிறேன்.

மார்ச் 1, சனி

செவ்வாய்க்கிழமை அழகு இன்று சந்தி சிரித்தது.

அக்கா படித்துக்கொண்டே இருந்தாள், தேநீர் போட எழுந்தாள், திரும்பி வந்து பொத்தானை அழுத்தினாள். "ஒன்றில் பாதி" என்று சத்தமாகப் படித்துவிட்டு நின்றாள். குறிப்பில் இருந்தது "இரண்டில் பாதி". பிரெயிலில் ஒன்று என்பது ஒரு புள்ளி. அதற்குக் கீழே இன்னொரு புள்ளி எழுந்தால் இரண்டு. அந்தக் கீழ்ப்புள்ளி எழுந்து முடிப்பதற்குள் அவள் விரல் அதைத் தாண்டிவிட்டது.

"கணக்கு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய சதி யாரும் பண்ண முடியாதுடி."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை. தெரிந்த குறிப்பு, பிடித்துவிட்டாள். குழுவின் முன்னால் யாராவது ஒரு புதுக் கணக்கைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால்?

மார்ச் 3, திங்கள்

எங்கள் அலுவலகத்தில் சர்க்யூட் போர்டுகளைப் பார்ப்பவரை எல்லோரும் சால்டர் என்றுதான் கூப்பிடுவோம். சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் திறந்து, வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் மாட்டினார். திறந்த இருபது மில்லி நொடியில் இருநூறு வோல்ட் எட்டிவிடும் என்று சில்லின் கையேடு சொல்கிறது. நம் பெட்டிக்கு நூற்றெண்பது ஆகிறது. மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் கிழடு தட்டிவிட்டது என்றார்.

அந்த நூற்றெண்பதுக்குள் நான் எழுத்தை அனுப்பிவிடுகிறேன். வோல்ட்டேஜ் ஏற ஏறப் புள்ளிகள் சோம்பேறித்தனமாக எழுகின்றன. இதற்கும் ரெகுலேட்டர் பகுதியில் இடம் வைத்திருக்கிறார்கள்: திறந்தபின் எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று வரைபடக் கோப்பில் சொன்னால், அவ்வளவு நேரம் பொறுத்த பிறகுதான் டிரைவரிடம் "ஆயிற்று" என்கிறது. இருநூற்றைம்பது மில்லி நொடி என்று எழுதினேன். இப்போது முதலில் தட்டை, பிறகு எல்லாப் புள்ளியும் ஒன்றாக, சட்டென்று.

அக்காவிடம் போனில் கால் நொடி தாமதம் என்றேன். "நீங்க கண் சிமிட்டுற நேரம்தானே, எனக்கு அது மிச்சம்" என்றாள்.

மார்ச் 5, புதன்

இரண்டாம் பேட்ச்சுக்குக் கறார் இன்னும் பதில் சொல்லவில்லை. பதினாறு நாள்தான் இருக்கிறது. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று முளைக்கிறது. அடுத்தது எங்கே காத்திருக்கிறதோ?

துறைத் தலைவருக்கு மெயில் எழுதினேன். கருவி முழுதாகத் தயாராகவில்லை, என் அக்காவின் மாதிரி வகுப்பை மூன்று வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று. பணிவாகத்தான் எழுதினேன். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள்.

மார்ச் 7, வெள்ளி

அக்கா போன் செய்தாள். குரல் உயரவே இல்லை.

"துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டாங்க. குழுவுல ரெண்டு பேர் பக்கத்துல இருந்தாங்க. உங்க தங்கச்சி எழுதியிருக்காங்களே, தேதியைத் தள்ளி வெக்கணுமான்னு கேட்டாங்க. எனக்கு என்ன ஏதுன்னே தெரியல. நின்னேன்."

நான் ஏதோ ஆரம்பித்தேன்.

"பதினோரு வருஷமா அந்த ரூம்ல நான் ஒரு சலுகை கேட்டதில்ல. நீ கேட்டுட்ட. நான் வாங்கலன்னாலும் கேட்டதா ஆயிடுச்சு. தேதி அதேதான்னு சொல்லிட்டு வந்துட்டேன். இனிமே அவங்க என் பாடத்தைப் பாக்க மாட்டாங்க, பெட்டி நிக்குதா ஓடுதான்னுதான் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

வைத்துவிட்டாள்.

நல்லதுக்குத்தானே பண்ணேன்? — இல்ல. பயம். என் டிரைவர் அங்க கவுந்து என் மானம் போயிடுமோன்னு பயம். அவளுக்குப் பயமே இல்ல, எனக்குத்தான் இருந்துச்சு. அதைக் கொண்டுபோய் அவ பேர்ல எழுதிட்டேன்.

மார்ச் 8, சனி

போன் எடுக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

எடுக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பல் செட் செய்கிறவர். பட்டறை வீட்டின் முன்னறையிலேயே. ஒரு கீழ்ச்செட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"நான் முப்பது வருஷமா பல்லு செய்யறேன். அச்சுல வெச்சுப் பாத்தா அம்சமா இருக்கும். வாயில வெச்சு கடிச்சவர் குத்துதுன்னு சொன்னா குத்துதுதான். எனக்குக் குத்தலையேன்னு நான் சொல்ல முடியுமா?"

மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டார். இந்த மனிதர் என்னோடு பதினாறு வருடம் எப்படிக் குப்பை கொட்டுகிறார் என்று இன்று புரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

அலுவலகத்தில் அரை நாள் சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். நாலு மாடி ஏறி, கதவருகே நின்று, மன்னிச்சுக்கோ என்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த மற்ற வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"மன்னிப்பு இருக்கட்டும். பெட்டி என்ன ஆச்சு?"

உள்ளே போனேன். பெட்டியை அவள் மடியில் வைத்து, கால் நொடி பொறுக்க வைத்த கதையை விவரமாகச் சொன்னேன். ஐம்பது முறை அணைத்து எழுப்பிப் பார்த்தாள், ஐம்பது முறையும் இரண்டு இரண்டாகவே இருந்தது. கிளம்பும்போது, "சனிக்கிழமை கல்லூரில காலி வகுப்பறை கேட்டிருக்கேன். வா. மாணவர் மாதிரி உக்காரு" என்றாள்.

மார்ச் 15, சனி

மூன்றாம் மாடி, அறுபது பேர் உட்காரும் அறை, நான் ஒருத்தி. மூன்றாவது பெஞ்சு.

ஒன்று, அதோடு அரை, அதோடு கால், அதோடு அரைக்கால், அதோடு வீசம் என்று முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போனாலும் இரண்டைத் தாண்டாது என்பதுதான் பாடம். எனக்கு முப்பது வருடமாகத் தெரிந்த விஷயம். அவள் சொல்லும்போது, தாண்டிவிடுமோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. காலி பெஞ்சுகளைப் பார்த்து, "தாண்டும்னு யாருக்குத் தோணுது? கை தூக்குங்க, நான் பாக்க மாட்டேன்" என்றாள். நான் கை தூக்கினேன்.

பதினேழாவது வரியில் வலது கையை வைத்துக்கொண்டு, இடது கையால் காற்றில் ஒரு கோட்டைப் பாதி பாதியாக வெட்டி விளக்கினாள். அவசரமே இல்லை. அந்த வரியின் நடுவில் விரல் அசையாமல் இருந்தது. எனக்கு எங்கோ பொறி தட்டியது. கடிகாரத்தைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அவள் மேசையருகே போனேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் விரலுக்குப் பக்கத்தில் இருந்த புள்ளிகளின் நிழல் குறுகிக் காணாமல் போனது.

அவள் நிற்கவில்லை. குரலில் ஒரு சிராய்ப்பு கூட இல்லை. அடுத்த பதினோரு வரியை, பின்னங்களும் குறிகளும் உட்பட, மனதிலிருந்து சொல்லிக்கொண்டே போனாள். நான் கையில் வைத்திருந்த அச்சுப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு குறி தப்பவில்லை. பாடம் முடிந்து, கைக்குட்டையால் முகம் துடைத்த பிறகுதான் கேட்டாள்.

"பதினேழாவது வரில என்ன பண்ணுச்சு உன் டிரைவர்?"

"இருபது நொடி யாரும் பொத்தானை அழுத்தலன்னா, யாரும் படிக்கலைன்னு நெனச்சு விட்டுடும்."

"நான்தான் கையை வெச்சிருந்தேனே. படிக்கலைன்னு யார் சொன்னது?"

யார் சொன்னது. நான்தான் சொன்னேன். திரையைப் பார்த்தே பழகிய என் புத்தி. திரை மங்கினால் ஒரு பொத்தானைத் தட்டுவேன், திரும்ப வரும். அதையே கொண்டுவந்து இதில் வைத்திருக்கிறேன். அவள் ஒரு வரியில் ஒரு நிமிடம் நிற்பாள் என்று என் மூளைக்கு எட்டவே இல்லை. இந்தப் பெட்டிக்குத் தொடுவதை உணரும் வசதியும் கிடையாது.

இரண்டு நிமிடம் ஆக்கட்டுமா, ஐந்தாக்கட்டுமா என்று அடுக்கினேன்.

"எத்தனை நிமிஷம்னு நீ ஏன்டி மண்டையை ஒடச்சுக்கிற? வகுப்புல பாதி நேரம் நான் அதைத் தொடறதே இல்ல. அது எனக்குத் தெரியும்ல? வேணும்னா கேக்கறேன், முடிஞ்சா சொல்றேன். ரெண்டு கட்டை விரல் பொத்தானையும் ஒண்ணா அழுத்துனா போதும்னு வெச்சுடு."

அவ்வளவுதான். ஒரு மாதமாக நான் தேடியது.

மார்ச் 16, ஞாயிறு

ரெகுலேட்டர் பகுதியின் கையேட்டில், மின்சாரம் கேட்டு வாங்கும் டிரைவருக்கு நுகர்வோர் என்றுதான் பெயர். படிக்கும்போதெல்லாம் எனக்கு நுகர்வோர் நீதிமன்றம் ஞாபகம் வந்து சிரிப்பேன். என் டிரைவர்தான் நுகர்வோர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நுகர்வோர் நாலாவது மாடியில் இருக்கிறாள், வழக்குப் போடாமல் விட்டது அவள் பெருந்தன்மை.

கட்டை விரல் பொத்தானை எழுதினேன். அதிலும் ஒரு தப்பு. அவள் அப்படிச் செய்யக்கூடும் என்று இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன்; டிரைவர் இரண்டு தடவை போதும் என்று சொல்ல, ஒரு தடவை கேட்டதை எப்படி இரண்டு தடவை விடுவாய் என்று கெர்னல் சத்தம் போட்டது. நியாயம்தான். கணக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விடும்படி மாற்றினேன். இருபது நொடிக் கணக்கை அடியோடு அழித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்றாம் பேட்ச் நேற்றுப் போனது. கூடவே எல்லாவற்றையும் எழுதினேன்: புள்ளி மெத்தென்று ஆனதை விரலால் கண்டது, இரண்டு ஒன்றானது, இருபது நொடி ஏன் தப்பு என்பது. ஒரு மணி நேரத்தில் கறார்.

"விரலால் கண்டுபிடித்தவர் யார்? அவர் பெயர் வேண்டும்."

பெயரைத் தட்டிவிட்டேன். அனுப்பும் பொத்தானுக்குப் போன கையை எடுத்துக்கொண்டு, அக்காவைக் கூப்பிட்டேன். உன் பெயரைப் போடலாமா என்றேன்.

"முழுப் பேரா போடு. இனிஷியல் தப்பில்லாம."

மார்ச் 21, வெள்ளி

"வந்தா கடைசி வரிசை. வாயைத் திறந்த, வெளிய அனுப்பிடுவேன்" என்ற நிபந்தனையோடு போனேன்.

குழுவில் மூன்று பேரும் முதல் பெஞ்சில். அவள் சொன்னது போலவே, முதல் பத்து நிமிடம் அவர்கள் அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார்கள். நான் கூனிக் குறுகினேன். பிறகு அவள் அந்தக் கோட்டைக் காற்றில் வெட்ட ஆரம்பித்தாள். ஒரு மாணவி வாய்விட்டு "தாண்டாதா?" என்றாள். அதற்கப்புறம் யாரும் பெட்டியைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை, அதுதான் ஆச்சரியம்.

அவள் வரியில் விரல் வைத்துக்கொண்டு நின்ற நீண்ட நேரம் எல்லாம் அது நின்றது. பேச்சு விரிந்து போகும்போது இரண்டு கட்டை விரலும் சேர்ந்து ஒரு அழுத்து. கேள்வி வந்தால் மறுபடி ஒரு தட்டு. குழுவில் இருந்த பெரியவர் ஒரு புதுத் தொடரைத் தட்டித் தந்து படிக்கச் சொன்னார். படித்தாள். இது தாண்டும் என்றாள், ஏன் என்று மூன்று வரியில் சொன்னாள். பெரியவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

கடைசியில் துறைத் தலைவர், "இது நடுவுல நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றார். என் மெயில்தான் கேட்டது, அவர் கேட்கவில்லை.

"அது நின்னா, நான் நிக்க மாட்டேன்."

தொண்ணூற்றேழு நிமிடம். பேட்டரியில் இன்னும் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். இப்படி ஒருத்தி எனக்கு அக்காவாகக் கிடைத்ததற்கு நான் என்ன செய்தேன் என்று தெரியவில்லை. அவளிடம் சொன்னால் "போடி" என்பாள், அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

முடிவு சொல்ல மூன்று வாரம் ஆகுமாம்.

மார்ச் 27, வியாழன்

கறார்: "சேர்த்தாயிற்று. நன்றி." இரண்டு சொல். அவரைப் பொறுத்தவரை இது பொன்னாடை.

பேட்ச்சின் அடியில் எழுதியவர் என்று என் பெயர். குறையைச் சொன்னவர், சோதித்தவர் என்று இரண்டு இடத்தில் அக்காவின் பெயர், இனிஷியல் தப்பில்லாமல். அவளுடைய முகவரியை லிஸ்ட்டில் சேர்த்துவிடச் சொன்னாள். சேர்த்தேன்.

ஏப்ரல் 2, புதன்

கல்லூரியிலிருந்து ஒன்றும் இல்லை. கேட்கவும் கூடாது. கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

தராசு வேலையின் நடுவே லிஸ்ட்டைத் திறந்தேன். எங்கோ இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார். அதே பெட்டி, அதே டிரைவர். அவருடையதில் குளிர்நாள் காலையில் மட்டும் முதல் வரி தப்பாக வருகிறதாம். கறார் அதன் கீழே ஒரே வரி: "இதை இவரிடம் கேளுங்கள்." என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, பதில் எழுத உட்கார்ந்தேன். ரெகுலேட்டர், காத்திருக்கும் நேரம், கெபாசிட்டர் என்று இரண்டு பத்தி ஓடிவிட்டது.

அதற்குள் பதில் வந்துவிட்டது. கறார் சொன்ன "இவர்" நான் இல்லை, அவர் முகவரியில் சேர்த்திருந்தது அக்காவை. அக்கா எழுதியிருந்தாள். பெட்டி வாங்கி எத்தனை வருடம், எந்தக் கட்டத்தின் எந்தப் புள்ளி கடைசியாக எழுகிறது, கையை வைத்தபடியே பத்துத் தடவை எழுப்பிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று மூன்றே கேள்வி. நான் எழுதியதைவிட நல்ல கேள்விகள். என் இரண்டு பத்தியையும் அழித்தேன்.

போன் அடித்தது.

"லிஸ்ட் பாத்தியா?"

"பாத்தேன். கலக்கிட்ட."

"கீழ வரைக்கும் பாத்தியா?"

கேள்விகளோடு நிறுத்தியிருந்தேன். கீழே போனேன். அவள் பெயர். பதினோரு வருடமாக அவள் மெயிலில் பெயருக்கு அடியில் "தற்காலிக விரிவுரையாளர்" என்று இருக்கும். நான் அதைப் படிப்பதையே எப்போதோ விட்டுவிட்டேன். இன்று அங்கே வேறு இருந்தது.

"சத்தமா படிடி. நான் அதை விரல்லதான் படிச்சேன், யாரும் சொல்லி இன்னும் கேக்கல."

சால்டரும் மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை. உதவிப் பேராசிரியர், கணிதத் துறை என்று படித்தேன்.

"இன்னொரு தடவை" என்றாள்.

படித்தேன்.